ஜிம்மி கடித்ததை யாரும் சொல்லவில்லை

கர்ப்பிணிகளுக்கென்று நாங்கள் வைத்திருந்த பதிவேட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. உயரம், எடை, ரத்த அழுத்தம், ரத்தசோகை, முந்தைய பிரசவம், கணவரின் செல் நம்பர். வீட்டில் நாய் இருக்கிறதா, பூனை இருக்கிறதா என்று கேட்கும் கட்டம் மட்டும் கிடையாது. நான் வேலை பார்த்த முப்பத்து மூன்று வருடமும் இல்லை. இப்போது எல்லாம் செல்போனுக்குள் போய்விட்ட பிறகும் இல்லை என்று, பாகூர்ப் பக்கம் என் இடத்துக்கு வந்திருக்கும் சுமதி சொன்னாள்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது அவள்தான் இந்தப் பேச்சை எடுத்தாள்.

"சிஸ்டர், முன்ன மாதிரி இல்ல. நாயி கட்டில் மேல படுக்குது. பூனைக்குப் பாக்கெட்டுல தீனி வாங்கறாங்க. மாசமா இருக்கறதுங்க கேக்குதுங்க, வச்சிக்கலாமா, தொரத்திடலாமான்னு. நான் இன்னா சொல்றது? நீங்க இன்னா சொன்னீங்க?"

பந்தியில் உட்கார்ந்து சொல்லிமுடிக்கிற விஷயமில்லை என்பதால் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு சும்மா இருக்கவில்லை. ஒரு பெண்ணிடம் சொல்லக் கூடாததைச் சொன்னேன். இன்னொரு பெண்ணிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வந்தேன். இரண்டையும் சுமதிக்காக எழுதி வைக்கிறேன்.

கிராம நர்ஸ் வேலைக்கான ஏ.என்.எம். பயிற்சி முடித்து முதலில் போட்டது காட்டேரிக்குப்பம் பக்கம். அந்த நாளில் வீடுகளில் மாடு, ஆடு, கோழி இருக்கும். நாய் தெருவில் கிடக்கும். கடித்தால் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைத்துக் கட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அந்த ஊசிக்குப் பயந்தே கடியை மறைத்தவர்கள் உண்டு. பிறகு ஊசி மாறியது, கைக்கு வந்தது, நாலு தடவையில் முடிகிற மாதிரி ஆனது. ஜனங்களின் பயம் மட்டும் தொப்புளைச் சுற்றியே நின்றுவிட்டது. அது எனக்குத் தெரியாமல் போனதுதான் பின்னால் சிக்கலானது.

பாகூர்ப் பக்கம் மாற்றலாகி வந்த பிறகு எனக்கு அமைந்த மெடிக்கல் ஆபீசர் டாக்டர் ஸ்டெல்லா. ஒல்லியான உருவம், கண்ணாடி, சத்தம் போடாத குரல். நோயாளி எதிரில் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் குப்புற வைப்பார். வெளியே எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அப்படித்தான். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். எங்களை "நீ" என்றுதான் கூப்பிடுவார். அது "நீங்க" என்று மாறினால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். பதினோரு வருடத்தில் என்னை இரண்டு தடவை "நீங்க" என்றிருக்கிறார்.

முதல் தடவை நூர்ஜஹான் விஷயத்தில்.

நூர்ஜஹானின் வீட்டுக்காரர் தவளக்குப்பம் ஜங்ஷனில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவளுக்கு அது முதல் பிரசவம், ஏழாம் மாதம். மடியில் எப்போதும் ஒரு சாம்பல் நிறப் பூனை படுத்திருக்கும். நான் அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் வந்திருந்தேன். அங்கே யாரோ, பூனையால் கரு கலையும், குழந்தைக்குக் கண் தெரியாமல் போகும் என்று சொன்னதில் பாதி காதில் விழுந்தது, மீதி பயமாக நின்றது.

"இன்னைக்கே இதைத் தொரத்தும்மா. புள்ளைக்கு ஆவாது" என்றேன்.

அவள் வீட்டுக்காரர் அன்று சாயந்திரமே பூனையைச் சாக்கில் போட்டு, பைக்கில் கொண்டுபோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டார். நான்கு நாள் கழித்து நூர்ஜஹானை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வந்தார்கள். யாருக்கும் சொல்லாமல், உச்சி வெயிலில் கடலூர் ரோட்டோரமாகவே பூனையைத் தேடி நடந்திருக்கிறாள். மயங்கி விழுந்ததில் நெற்றியில் அடி. வயிற்றில் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளைப் படுக்க வைத்து ட்ரிப் ஏற்றிய பிறகு டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"நீங்க அந்தப் பொண்ணுகிட்ட தெரிஞ்சி சொன்னீங்களா, பயந்து சொன்னீங்களா?"

"பயந்துதான் டாக்டர்."

"பயந்து சொன்னா நமக்கு மனசு லேசாவும். அவங்களுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல."

அதன் பிறகு உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். பூனையின் ரோமத்திலோ மூச்சிலோ எதுவும் இல்லை. கருவைப் பாதிக்கிற அந்தக் கிருமி அதன் மலத்தில்தான் வரும், அதுவும் எல்லாப் பூனைக்கும் எப்போதும் இருப்பதில்லை. பூனை மலம் கழிக்கிற மண்ணை வீட்டில் வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும். தோட்டத்து மண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கறியை நன்றாக வேக வைத்துச் சாப்பிடட்டும், கீரையைக் கழுவட்டும். பூனைக்குப் பச்சைக் கறி போடாமல் இருக்கட்டும். அவ்வளவுதான். பூனை மடியில் படுத்துக்கொள்ளலாம்.

நான் நூர்ஜஹானிடம் போய் இதைச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பூனை கிடைக்கவில்லை. பிரசவத்துக்கு அவள் எங்களிடம் வரவில்லை. பின்னால் கடை வாசலில் குழந்தையோடு பார்த்திருக்கிறேன். நான் சிரிப்பேன், அவள் கல்லாவைத் திறந்து எதையோ தேடுவாள்.

இனி கௌசல்யாவுக்கு வருகிறேன்.

கௌசல்யா மணப்பட்டில் மீனவக் குடும்பத்துப் பெண். பாகூருக்கு இந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் சரவணனுக்கு வாழ்க்கைப்பட்டவள். சரவணனுக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் மாமியார் தனம், ஐம்பது வயதிருக்கும், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். கல்யாணமாகி ஐந்து வருடம் கௌசல்யாவுக்குக் குழந்தை நிற்கவில்லை. அவள் தனியாக இருந்து அழுகிறாள் என்று சரவணன் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தான். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். ஜிம்மி. அது வந்த அடுத்த மாதமே கௌசல்யாவுக்கு நாள் தள்ளிப்போனது. ஜிம்மி வந்த நேரம்தான் என்று அவள் நம்பினாள். தனத்துக்கு நாயைக் கண்டாலே ஆகாது. நாய் மயிர் சோற்றில் விழுந்து வயிற்றுக்குள் போனால் குழந்தையைச் சுற்றிக்கொள்ளும் என்பாள். அதைத் துரத்தச் சொல்லித் தினமும் சண்டை.

துரத்திடலாமா என்று தனம் என்னிடமும் கேட்டாள். நூர்ஜஹான் விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவள் நான். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, நாய் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். அதில் தப்பில்லை. நாய்க்குத் தடுப்பூசி போட்டாச்சா என்று சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நாலாம் மாத முடிவில் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். பிரஷர் பார்த்தேன். பிறகு கால் வீக்கம் பார்க்க வேண்டும். கெண்டைக்காலுக்கு முன்னால் எலும்பின் மேல் கட்டைவிரலால் சிறிது நேரம் அழுத்தி எடுத்தால், வீக்கமிருந்தால் பள்ளம் விழும். புடவையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். கணுக்காலுக்கு மேலே மஞ்சளும் காபித்தூளும் அப்பிக் காய்ந்திருந்தது. அதற்குள் இரண்டு சின்னப் பொருக்கு.

"இன்னாம்மா இது?"

"கருவேலமுள்ளு, சிஸ்டர்."

தனம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கௌசல்யா என் கண்ணைப் பார்க்காமல் புடவையை இறக்கிவிட்டாள். முள் குத்தினால் ஒரு புள்ளிதான் இருக்கும், இது இரண்டாக இருக்கிறதே என்று தோன்றியது. அடுத்த வீட்டில் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது, தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. "கால் வீக்கம் இல்லை" என்று எழுதிக்கொண்டு கிளம்பினேன். ஜிம்மி வழக்கமாக ஓடிவந்து என் செருப்பை இழுக்கும். அன்று வரவில்லை. அதையும் நான் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊருக்குள் எங்களுக்கு உதவியாக இருக்கும் ஆஷா பணியாளர் பெண் லிஸ்ட் எழுதிக்கொண்டே போகிற போக்கில் சொன்னாள்.

"கௌசல்யா சோறே துண்ணமாட்றா சிஸ்டர். அந்த நாய்க்குட்டி ஞாயித்துக்கிழமை செத்துப்போச்சு."

"எப்படிச் செத்துச்சு?"

"இன்னாவோ, ரெண்டு நாளா கட்டிலு கீழயே கெடந்துச்சாம். எச்சிலா ஒழுவிச்சாம்."

லிஸ்ட்டை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். போகிற வழியெல்லாம் அந்த இரண்டு பொருக்குதான் கண்ணுக்கு முன்னால் இருந்தது. வெள்ளியிலிருந்து செவ்வாய் வரை நான்கு நாள். அதற்கு முன்னால் எத்தனை நாளோ.

தனம் வீட்டில் இருந்தாள். அவள் எதிரில் கேட்டால் கௌசல்யா வாயைத் திறக்க மாட்டாள். யூரின் டெஸ்ட் எடுக்கணும் என்று சொல்லி அவளைப் பின்பக்கம் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஜிம்மி எப்ப கடிச்சிது?"

அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாள். "அது வேணும்னு கடிக்கல சிஸ்டர். புதன்கெழம சோறு வச்சேன், துண்ணல. தடவிக் குடுத்தேன், லபக்குன்னு புடிச்சிடுச்சி. எங்கத்தைக்குத் தெரிஞ்சா தூக்கிப் போட்டுடுவாங்கன்னு சொல்லல."

குழாயைத் திறந்தேன். கல்லில் அவளை உட்கார வைத்து, அங்கிருந்த துணி சோப்பை எடுத்துக் காலில் போட்டுத் தேய்த்தேன். பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். கடித்த உடனே செய்ய வேண்டிய காரியம் அது. ஆறு நாள் கழித்துக் கழுவுகிறோம், இருந்தாலும் கழுவத்தான் வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தேய்த்தேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவள் எல்லாம் சொன்னாள். ஒரு மாதத்துக்கு முன்னால் தெருநாய் ஒன்று ஜிம்மியின் காதைக் கடித்திருந்தது. கடைசி இரண்டு நாள் குரைப்பு மாறிப்போனது, கரகரவென்று வந்தது. வாய் தொங்கிவிட்டது. தண்ணீர் வைத்தால் நக்கப் பார்க்கும், உள்ளே போகாது. "தொண்டையில எலும்பு மாட்டிகிச்சோன்னு நெனச்சோம்" என்றாள். உடம்பைச் சரவணன் வாய்க்கால் கரையில் புதைத்துவிட்டான். அந்த நாய்க்கு நிஜமாகவே வெறிதானா என்று சோதித்துப் பார்க்கிற வழியும் அதோடு போனது. இன்றுவரை எனக்கு அது தெரியாது.

கூடத்துக்கு வந்து தனத்திடம் சொன்னேன். ஊசி என்றதும் அவள் குறுக்கே நின்றுகொண்டாள்.

"வயித்துல புள்ளைய வச்சிகினு வயித்துலயே ஊசியா? எங்கண்ணனுக்குப் போட்டாங்க, நான் பாத்தேன், கட்டி கட்டியா வீங்கிக் கெடந்தான். அஞ்சு வருசம் கழிச்சி நின்ன புள்ள இது. நீ போ சிஸ்டர். நாங்க வேரு மருந்து குடுக்கறவரு கிட்ட இட்டுகினு போறோம்."

அப்போதுதான் எனக்கு அவள் பயம் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. என் கையை நீட்டி, தோள் பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். இங்கேதான், சின்ன ஊசி, தோலுக்குள் மட்டும், கொசு கடித்த தடிப்பு மாதிரி எழும்பும் என்றேன். வயிற்றில் குழந்தை இருந்தாலும் போடலாம், போட்டே ஆக வேண்டும் என்றேன். அவள் நம்பவில்லை. சரவணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை, ஷிப்டில் இருந்தான். டாக்டருக்குப் போட்டு போனைத் தனத்திடம் கொடுத்தேன். டாக்டர் என்ன சொன்னாரோ, அவள் "உம், உம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நானும் வருவேன். என் கண்ணு முன்னாலதான் போடணும்" என்றாள்.

நிலையத்தில் டாக்டர் கடிகாரத்தைக் கழற்றிக் குப்புற வைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். தொண்டையில் எலும்பு மாட்டியதாக நினைத்தார்கள் என்று நான் சொன்ன இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நெனச்சி இன்னா பண்ணாங்க?"

டாக்டர் விடவில்லை, வேறு விதமாகக் கேட்டார்.

"எலும்பு இருக்குதான்னு வாயத் தெறந்து பாத்தது யாரு?"

கௌசல்யா மெதுவாகத் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். தனத்தின் வலது கை முந்தானைக்குள் இருந்தது.

"அத்தை, நீதான கைய வுட்ட?"

"பல்லு லேசா பட்டுச்சு. அதுக்கின்னா இப்போ? எனக்கு வயசாயிடுச்சி. அவளப் பாருங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இதைக் கேக்கலியா விஜயா?" என்றார். இரண்டாவது "நீங்க" அது. வாசலில் நின்று சண்டை போட்ட மாமியார், நாயைக் கண்டால் ஆகாதவள், என்றுதான் அவளை நான் பார்த்திருந்தேன். அவள் கையைப் பார்க்கவே இல்லை. ஆள்காட்டி விரலில் குறுக்கே ஒரு கீறல், சுண்ணாம்பு வைத்து, ஓரம் வெந்திருந்தது.

"ரெண்டு பேருக்கும் போடணும்" என்றார் டாக்டர்.

"எனக்கு வாணாம். மருந்து இருந்தா அவளுக்கே கூடப் போடுங்க."

"அத்தை போட்டுகினாத்தான் நான் போட்டுக்குவேன்" என்றாள் கௌசல்யா. அந்தப் பெண் அவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை. நாற்காலியை விட்டு எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டாள்.

தனம் அவளைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். ஜாக்கெட் கையை மேலே தூக்கிவிட்டு, "போடு, போடு" என்று என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு பேருக்கும் இரண்டு தோளிலும் போட்டேன். தோலுக்குள் போடும் ஊசிக்குக் கை நடுங்கக் கூடாது. ஊசியைப் படுக்கவைத்து, முனையின் வாய் மேலே பார்க்க, கொஞ்சமே கொஞ்சம் உள்ளே நுழைத்து அழுத்தினால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக மேடு எழும்பும். மேடு எழவில்லை என்றால் ஆழமாகப் போய்விட்டது, திரும்பப் போட வேண்டும். நாலு மேடும் எழும்பின.

அது மட்டும் போதாது. ரத்தம் வந்த கடிக்கு, கடித்த இடத்திலேயே போடுகிற சீரம் என்று ஒன்று வேண்டும். அது டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில்தான். ஆம்புலன்சில் நானும் போனேன். சரவணன் கம்பெனி யூனிபார்மோடு நேரே அங்கே ஓடிவந்தான். கௌசல்யாவுக்குக் காலில் சதை இருந்தது, தாங்கிக்கொண்டாள். தனத்துக்கு விரல். விரலில் சதை ஏது? ஒவ்வொரு சொட்டும் உள்ளே போகும்போது அவள் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டாள், சத்தம் வரவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு நான் கேட்டேன்.

"உனக்குத்தான் அத கண்டா புடிக்காதே. வாயில போய் இன்னாத்துக்குக் கைய வுட்ட?"

"அது செத்துட்டா இவ சோறு துண்ண மாட்டா சிஸ்டர்" என்றாள்.

மூன்றாம் நாள் ஊசிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ஏழாம் நாள் தனம் மட்டும் வந்தாள். கௌசல்யாவை அவள் அம்மா மணப்பட்டுக்கு அழைத்துப்போய்விட்டாளாம். பகல் பன்னிரண்டு மணி. நாலு மணிக்கு ஊசி அறையைப் பூட்டிவிடுவார்கள். தனத்தை ஸ்கூட்டியின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மணப்பட்டுக்குப் போனேன். வலை காயப்போட்டிருந்த சந்தில் வீடு. கௌசல்யாவின் அம்மா வேர் மருந்து அரைத்து வைத்திருந்தாள். இதைக் குடித்தால் வேறு மருந்து கூடாது, உப்பு கூடாது, தாளித்த எண்ணெய் வாசனையே படக் கூடாது என்று பத்தியம். நான் பேச வாயைத் திறப்பதற்குள் தனம் முன்னால் போய்விட்டாள்.

"தா, பாரு. எனக்கும் போட்ருக்காங்க. நான் நல்லாத்தான இருக்கேன்? வயித்துல போடல, கையிலதான். ஏந்திரிடி, போலாம்."

சம்பந்திகள் இரண்டு பேரும் தெருவே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டார்கள். கடைசியில் ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் நாலு பேரும் ஏறினோம், வேர் அரைத்தவள் உட்பட. ஊசி போடும்போது மணி மூன்றே முக்கால். இருபத்தெட்டாம் நாள் ஊசிக்கு நான் போய்க் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பு. சுமதி, வேலையில் இதுதான் கஷ்டம். ஊசியை முறைப்படி போட்டாகிவிட்டது, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னார். புத்திக்கு அது ஏறியது. ஆனால் ஆறு நாள் தாமதம் என்னுடைய மனசில் முள்ளாக நின்றது. அதில் நான்கு நாள் என்னுடையது. அந்த வெள்ளிக்கிழமை இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். வெறிநோய் வந்தால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுக்கும் என்று படித்திருக்கிறேன், காட்டேரிக்குப்பத்தில் ஒருவரைப் பார்த்தும் இருக்கிறேன். அதனால் ஒவ்வொரு முறை அந்த வீட்டுக்குப் போகும்போதும், "தாகமா இருக்குதும்மா, தண்ணி குடு" என்பேன். கொண்டுவந்தால், "நீயும் குடி, மாசமா இருக்கறவ தண்ணி நெறைய குடிக்கணும்" என்பேன். அவள் குடித்து முடிக்கும்வரை தொண்டையையே பார்ப்பேன். அவசியமே இல்லாத நாளிலும் அந்தத் தெருவழியாகப் போனேன். வீட்டில் என் வீட்டுக்காரர், "யாருக்கு உடம்பு சரியில்ல, உனக்கா?" என்று கேட்டார்.

ஒன்பதாம் மாதம் முடிகிற நேரம், ஒரு காலை எட்டு மணிக்கு ஆட்டோவில் கௌசல்யாவை அழைத்து வந்தார்கள். டவுனுக்கு அனுப்ப நேரமில்லை, வலி அவ்வளவு நெருங்கியிருந்தது. எங்கள் பிரசவ அறையிலேயே படுக்க வைத்தோம். டாக்டர் இருந்தார். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். அவள் உதடு காய்ந்திருந்ததைப் பார்த்து டம்ளரில் தண்ணீர் கொண்டுபோனேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு வாய் குடிம்மா."

"வாணாம்."

மறுபடி நீட்டினேன். கையால் தள்ளினாள், டம்ளர் கீழே விழுந்து உருண்டது. "தண்ணிய எடுத்துகினு போ சிஸ்டர்" என்று கத்தினாள். அவள் தொண்டை ஏறி இறங்கியது. வெளியே போய் டாக்டரிடம் சொன்னேன்.

"தண்ணி வாணாங்கறா, டாக்டர்."

"வலியில இருக்கறவ வாணாம்னுதான் சொல்லுவா" என்றார். குரலில் மாற்றமில்லை. ஆனால் எழுந்துவிட்டார். இன்னொரு டம்ளரில் அவரே தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். பின்னால் நான் போனேன். கௌசல்யா கட்டிலின் ஓரத்துக்கு வந்து ஓங்கரித்தாள். காலையில் தின்ற இட்லி முழுவதும் வந்தது. நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன், அவள் நெற்றியைத் தாங்கினேன். நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டு டாக்டர் கையிலிருந்த டம்ளரை அவளே வாங்கினாள். ஒரே மடக்கில் குடித்தாள். "இன்னும் குடுங்க" என்றாள்.

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்தார். அவரும் ஐந்து மாதம் பயந்துதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பத்தரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. உடனே அழுதது. எடை சரியாக இருந்தது, கை கால் விரல்களை எண்ணினேன், இமையை விலக்கிக் கண்ணைப் பார்த்தேன். துடைத்து, துணியில் சுற்றி, கௌசல்யாவின் மார்பில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு, பிறகு வெளியே காட்ட எடுத்துவந்தேன். சரவணன் இன்னும் வந்து சேரவில்லை. நடையில் தனம் மட்டும் நின்றிருந்தாள்.

"பேத்தி பொறந்திருக்கா, புடி" என்று நீட்டினேன்.

அவள் ஓரடி பின்னால் போனாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தூக்கலாமா சிஸ்டர்?"

"இன்னாத்துக்கு இப்படிக் கேக்கற?"

"எனக்கும் அது பல்லு பட்டுச்சே. அந்த மருந்தெல்லாம் உள்ள ஏறியிருக்குதே. கொழந்தைக்கு ஒட்டிக்காதே?" என்றாள். "அஞ்சு மாசமா அவ துண்ற தட்டக்கூட நான் தொடல. தனியா வச்சிதான் துண்ணேன். தூங்கறதும் வெளியதான்."

அந்த வீட்டுக்கு எத்தனை முறை போயிருப்பேன்! கௌசல்யாவின் தொண்டையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன். இவளிடம் ஒரு நாளும் உட்கார்ந்து, உனக்கு எப்படி இருக்கிறது, என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

"ஒண்ணும் ஒட்டாது. ஊசி போட்டாச்சு. நீ நல்லா இருக்க. யாரையும் தொடலாம், எல்லாரோடவும் ஒக்காந்து துண்ணலாம். தூக்கு" என்றேன்.

அவள் தூக்கவில்லை. என் தோளுக்கு மேலாக, கதவருகே நின்ற டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையை அசைத்தார். அதற்குப் பிறகுதான் கையை முன்னால் கொண்டுவந்தாள்.